ஜமாலுதீன் அண்ணன் சொல்ல மறுத்த வார்த்தை

செய்தி வந்தபோது நான் தஞ்சாவூரில், குழந்தை டாக்டர் வாசல் பெஞ்சில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் என் மகன் கவின் அனலாகக் கிடந்தான். கைப்பேசி அடித்தது. ஜமாலுதீன் அண்ணன் எண். காய்ச்சல் விட்டதா என்று கேட்கக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். முதல் நாள்தான் பேசியிருந்தார். "புள்ளைக்கு நெத்தியில ஒரு ஈரத்துணியப் போடு. ஒனக்கு வாயில ஒரு துணியப் போடு. ரெண்டு பேருக்கும் சரியாப் போயிடும்" என்று சொல்லிச் சிரித்திருந்தார்.

பேசியது அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் மவுத்தாயிட்டாங்கம்மா."

"எந்த அண்ணன்க்கா?" என்று கேட்டேன்.

ஒரு சாவுச் செய்திக்கு இப்படிப் பதில் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் எனக்கு இரண்டு அண்ணன்கள். ஒருவன் என் தாய் வயிற்றில் பிறந்த சேகர். மலேசியாவுக்கு வேலைக்கென்று போனவன், போனும் இல்லாமல் கடிதமும் இல்லாமல் வருடக்கணக்கில் தொலைந்திருக்கிறான். எந்த நேரத்தில் மணி அடித்தாலும் அவனைப் பற்றிய கெட்ட செய்தியாக இருக்குமோ என்றுதான் என் நெஞ்சு முதலில் எழுந்து நிற்கும். இன்னொருவர் ஜமாலுதீன் அண்ணன். அவரைப் பற்றிக் கெட்ட செய்தி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அக்கா கோபிக்கவில்லை. "எங்க ஊட்டு அண்ணன்தாம்மா" என்றார்கள்.

காலையில் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திருவாரூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம் என்றார்கள். கவினுக்கு முன்பு ஒரு தடவை காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கிறது. டாக்டர் அன்று முழுவதும் கண்ணுக்கெதிரே வைத்திருக்கச் சொல்லிவிட்டார். நான் போகவில்லை. அந்த முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கவில்லை.

தை மாதத்தில் கவினுக்குக் காது குத்த நாள் பார்த்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி ஜமாலுதீன் அண்ணனுடையது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே, இனி இவனை யார் மடியில் வைப்பேன் என்றும் நினைத்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூத்தாநல்லூர் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அலுவலகம். வெளியே டிராவல்ஸ், டைப்பிங், ஜெராக்ஸ் என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேக்ஸ், விமானப் படம் போட்ட காலண்டர்கள். 'பாய் ஆபீஸ்' என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் கல்லூரி முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்து, சம்பாவும் பாதியில் கருகிய வருடங்கள் அவை. எங்கள் அப்பா குத்தகைக்கு உழுதவர். நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வயலில் வேலை இல்லாத ஆண்கள் எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டு எங்கள் படிக்கட்டின் கீழ் வந்து நின்றார்கள்.

வந்தவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து மச்சானோ, மச்சானுக்குத் தெரிந்தவனோ, ஏஜெண்டோ அனுப்பிய விசா. மை மங்கிய ஃபேக்ஸ் பிரதி. அதை மேஜையில் வைத்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி.

"பாய், இது ஜெனுயினான்னு பாத்துச் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லத் தெரியாதவர்களும் அந்த ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொல்வார்கள். ஜெனுயின். விசா மட்டுமில்லை. விதை நெல் ஜெனுயின், டிராக்டர் சாமான் ஜெனுயின், பட்டுக்கோட்டைத் தேங்காய் எண்ணெய் ஜெனுயின், பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை ஜெனுயின். நம்மிடம் 'உண்மை' இல்லையா, 'சுத்தம்' இல்லையா, 'அசல்' இல்லையா, எதற்கு இந்த இங்கிலீஷ் என்று நான் ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன்.

"அசலும் நம்மது இல்ல மாலதி, அரபி. வேருன்னு அர்த்தம்" என்றார். "டூப்ளிகேட் ஒண்ணு இல்லாத காலத்துல எவனும் ஒரிஜினல்னு சொல்லிக்கிட்டுத் திரியல. போலி எங்கேந்து வருதோ, அத அடையாளங் காட்டற வார்த்தையும் அங்கேந்துதான் வரும்."

எல்லாரும் சொல்லும் அந்த வார்த்தையை அண்ணன் மட்டும் சொல்ல மாட்டார். விசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நம்பரைப் பார்ப்பார், பெயர் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், சில நேரம் போன் போட்டும் கேட்பார். பிறகு காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, எல்லாருக்கும் சொல்வதையே சொல்வார்.

"பேப்பர் பேப்பரா இருக்கு. மத்தது படைச்சவனுக்குத் தெரியும்."

"அப்ப ஜெனுயின்தானே பாய்?"

"பேப்பர் பேப்பரா இருக்குன்னேன்."

கீழ்வேளூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர் ஒருநாள் பொறுமை இழந்து, "ஒரு வார்த்தைக்கு இம்புட்டு கிராக்கி பண்ணுறீங்களே பாய், ஒங்க வாயில என்ன டோல்கேட்டா இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் வெற்றிலைக் காவி தெரியச் சிரித்து, "டோல்கேட்டுதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கான்னு எனக்குத் தெரியலயே" என்றார்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலைக்குப் போகிற ஒரு பையனுக்கு நான் நற்சான்று ஒன்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கடைசி வரியில், இவர் ஜெனுயினான நபர் என்று ஆங்கிலத்தில் போட்டேன். பின்னால் நின்று படித்த அண்ணன், "அந்த ஒண்ண எடுத்துடு" என்றார். ஏன் என்று கேட்டதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வாலிபத்தில் குவைத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் இருந்திருக்கிறார். கார், லாரிகளுக்கான சாமான்கள். முதலாளி எங்கிருந்தோ மலிவாக மூட்டை மூட்டையாக இறக்குவார். அதை அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே 'ஜெனுயின் பார்ட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது அண்ணனின் வேலை. காலையிலிருந்து மாலை வரை அதுதான்.

"நான் படிச்ச மொத இங்கிலீஷே அதான் மாலதி. அர்த்தம் தெரியாமயே ஒட்டிக்கிட்டிருந்தேன். தெரிஞ்சப்பறமும் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தேன், அதச் சொல்லணும்ல. பிரேக்குக்குப் போடற சாமான்கூட இருக்கும் அதுல. போர் வந்துது, கடையும் போச்சு, கட்டின துணியோட ஊரு வந்து சேந்தேன். இன்னமும் ரோட்டுல எந்த லாரி கவுந்து கெடந்தாலும், இது நம்ம ஸ்டிக்கரோன்னு தோணும். குவைத் எங்க, கூத்தாநல்லூர் எங்க. இருந்தாலும் தோணும்."

பிறகு, "கையால ஒட்டினது போதும். வாயாலயும் ஒட்ட வேணாம்னுதான்" என்றார்.

அந்த வாரமே ஆபீஸில் கிடந்த தடித்த அகராதியில் நான் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். அது எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. லத்தீன் சொல்லாம். அதன் வேர் எது என்பதில் இரண்டு பேச்சு. ஒரு பக்கம், பிறத்தல், பெறுதல் என்ற சொல்லிலிருந்து வந்தது, பிறவியிலேயே உள்ளது என்று பொருள் என்கிறது. இன்னொரு பக்கம் முழங்கால் என்ற சொல்லோடு சேர்க்கிறது. ரோமாபுரியில் குழந்தை பிறந்தால், தகப்பன் அதைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொள்வானாம். அப்படி வைத்துக்கொண்டால்தான் அது அவன் பிள்ளை என்று ஊர் ஒப்புக்கொள்ளும்.

நான் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, அண்ணன் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப பொறந்தா மட்டும் பத்தாதுங்கிறான்."

"ஆமாண்ணே. ஆனா ரெண்டுல எதுன்னு உறுதியாச் சொல்லலை."

"தூக்கி வைக்காம விட்டா?"

"அது போடலை."

"போட மாட்டான்" என்றார். மெஷினை மறுபடி ஓட விட்டுக்கொண்டே, "ஒங்கள்ல தாய்மாமன் மடியில வெச்சுல்ல காது குத்துறீங்க? ரோமாபுரிக்காரன் அப்பன நம்பியிருக்கான். நீங்க உஷாரு, மச்சான நம்பியிருக்கீங்க" என்றார். அன்று நாங்கள் இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

அதற்கு அடுத்த ஆடியில் சேகர் ஒரு விசாவோடு வந்தான். ஆடிப் பெருக்கன்று ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி எங்கள் பெண்கள் விளக்கு வைத்த வருடம் அது. மலேசியாவில் ஒரு தொழிற்சாலை வேலை என்று காகிதம் சொன்னது. கொடுத்த ஏஜெண்ட் வேறு ஊர்க்காரர். அப்பாவும் கூட வந்திருந்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வழக்கம்போல் தூக்கிப் பார்த்தார். போன் போட்டார். போனை வைத்துவிட்டு வெகு நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர் பேப்பரா இருக்குண்ணே" என்றார் அப்பாவிடம். "மத்தது படைச்சவனுக்குத் தெரியும்."

அப்பா, "நம்ம புள்ளை பாய். நமக்குள்ள சொல்றதுதானே. ஜெனுயின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நிம்மதியாப் போவேன்" என்றார்.

"அந்த ஒண்ண மட்டும் கேக்காதீங்க."

சேகர் சிரித்தான். "விடுங்கப்பா. பாய் யாருக்குத்தான் சொல்லியிருக்காங்க? நம்ம மாலதிகிட்ட கேளுங்க, இவங்க கல்யாணத்துல காஜி கேட்டப்பவே சம்மதம்னு சொல்லாம பேப்பர் பேப்பரா இருக்குன்னுதான் சொன்னாங்களாம்."

எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். அவன் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும்போது, "தம்பி, கொஞ்சம் பொறுத்துப் போனா என்ன?" என்றார். "தண்ணி வந்தா பொறுக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான். போய்விட்டான்.

இறங்கியதும் ஒரு போன். பிறகு ஒன்று. கடைசியாக, "இந்த எடம் இல்லையாம், வேற எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்க, போயிட்டுப் பேசறேன்" என்றான். அதன் பிறகு இல்லை. காகிதத்தில் இருந்த தொழிற்சாலையே அந்த விலாசத்தில் இல்லை என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அண்ணன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு அலைந்தார். மலேசியாவில் இருந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். அங்கே கடை வைத்திருந்தவர்கள் சேகர் படத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். வாசலில் நின்றபடியே அப்பாவிடம் பேசினார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நான் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன்ல. எடுத்தவன் கம்பெனி பேரச் சொல்லல. ஹலோன்னான், அவ்வளவுதான். ஆபீஸ் போன எடுக்கறவன் அப்படி எடுக்க மாட்டான். எனக்கு சுருக்குனு இருந்துது. அத எப்படிச் சொல்றது, ஒருத்தன் ஹலோன்னதுக்காகப் போகாதேன்னு சொல்லலாமான்னு இருந்துட்டேன். அந்த வார்த்தைய சொல்லாம விட்டா நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

அப்பா திண்ணையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான்தான் எவனுக்குமே சொன்னதில்லையே. நல்ல விசாவுக்கும் சொன்னதில்ல. அப்பறம் ஒங்களுக்குச் சொல்லாதது எப்படிக் காதுல விழும்?"

"நீங்க என்ன பண்ணுவீங்க பாய்" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. ஆனால் அதன்பிறகு கூத்தாநல்லூர் கடைத்தெரு வழியாக அப்பா போனதே இல்லை. பஸ்ஸை விட்டு முன்னாலேயே இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார்.

இதை எழுதும்போது எனக்கு அண்ணன் மேலும் கோபம் இல்லை, அப்பா மேலும் இல்லை. பொய் சொல்லக்கூடாது என்று ஒரு மனுஷன் தன் வாயைக் கட்டினார். கட்டியிருந்த வாயால் எச்சரிக்கவும் முடியாமல் போயிற்று. அதை அவர் வாழ்நாள் முழுவதும் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டார்.

எங்கள் வாசலுக்கு வந்துபோன மறுநாளிலிருந்து அவர் பேச்சு மாறியது. பேப்பர் பேப்பராக இருக்கிறது என்ற வசனம் நின்றது. "எனக்குப் பிடிக்கல, போகாதீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஏன் என்றால், "போன எடுத்தவன் சரியில்ல" என்பார். "ஏஜெண்ட் கையெழுத்துப் போடறப்ப நம்ம மூஞ்சியப் பாக்கல" என்பார். போகத் துடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது எப்படிப் பிடிக்கும்? பாய்க்கு வயசாயிடுச்சு என்றார்கள். அபசகுனம் என்றார்கள். ஏஜெண்டுகள் அந்தப் படிக்கட்டுப் பக்கம் ஆளை அனுப்புவதை நிறுத்தினார்கள். டிக்கெட் வேலை போய், டைப்பிங்கும் ஜெராக்ஸும்தான் மிஞ்சின. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அந்த ஆபீஸில் செய்ய எனக்கே வேலை இருக்கவில்லை.

என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. அவர் விசா பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் ஒரு வாரம் வைத்திருந்தார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவரை நேரிலேயே போய் அந்தக் கம்பெனி வாசலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். பிறகு, "போகலாம். பயப்படாதே" என்றார். அப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. 'பயப்படாதே' என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரி போட உடன்பிறந்தவன் வேண்டும். புரோகிதர், "பொண்ணோட சகோதரன் வாங்கோ" என்று கூப்பிட்டபோது எல்லாரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் அப்பா நடந்து போனார். கடைத்தெருவைச் சுற்றிப் போகும் அதே அப்பா. "வாங்க பாய்" என்றார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பொரி போட்டார். பாதி கீழே விழுந்தது.

பிறகு என் மகள் கயல் பிறந்தாள். அவள் அப்பா மஸ்கட்டில். காது குத்து தஞ்சாவூரில் என் கணவர் வீட்டில். கணவரின் அத்தை, வீட்டில் அவர் சொல்வதுதான் நடக்கும், நேராகவே கேட்டார்.

"தாய்மாமன் யாரு?"

"ஜமாலுதீன் அண்ணன்" என்றேன்.

"பாய் மடியிலயா? ஊரு என்ன சொல்லும்? இன்னைக்குக் காத குத்திட்டு நாளைக்கு வேற எதையாவது குத்திடப் போறாங்க."

ஜமாலுதீன் அண்ணன் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்காமல் அத்தை இதைச் சொல்லிவிட்டார். அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றார். பக்கத்தில் நூர்ஜஹான் அக்கா, கையில் சீர்த் தட்டு. பட்டுப் பாவாடை, கொலுசு, தோடு, பழம், பூ, வெற்றிலை. எங்கள் முறை ஒன்றும் தவறாமல், யாரிடமோ கேட்டுக் கேட்டு அடுக்கியிருந்தார்கள்.

அத்தை பேச்சை மாற்றப் பார்த்தார். "நீங்க சொந்தத் தாய்மாமனா?"

"இல்லீங்கம்மா" என்றார் அண்ணன். "அது சேகருங்க. பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் பிடிப்போம்ல, அது மாதிரி நான் துண்டு. ஆளு வந்தா எந்திரிச்சுக்குவேன்."

அத்தை நகர்ந்து வழிவிட்டார். அண்ணனை மணையில் கிழக்கே பார்த்து உட்கார வைத்தோம். கயலை மடியில் வாங்கி, தலையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஊசி பட்டதும் அவள் வீடே கிடுகிடுக்கக் கத்தினாள். கத்திக்கொண்டே அவர் வெள்ளை வேட்டியை நனைத்தும் விட்டாள். நான் பதறிப்போய்த் துணி எடுக்க ஓடினேன்.

"ஓடாதே ஓடாதே" என்றார் அண்ணன். "அட்டெஸ்டேஷன் முடிஞ்சுது. சீல் விழுந்துடுச்சு பாரு."

முதலில் சிரித்தது அத்தைதான்.

அன்று சாப்பாட்டுக்கு முன்னால், ஈர வேட்டியோடு முற்றத்தில் வெயிலில் நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். "அந்த டிக்‌ஷனரில போட்டிருந்துதே, முழங்காலு, பொறப்பு, ரெண்டுல எதுன்னு முடிவாயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஆனாலும் ஆவாட்டியும் போவட்டும்" என்றார். "கால்ல உக்காந்த கனம் இன்னும் இருக்கு."

அவருக்குப் பிள்ளை இல்லை. இதை நான் இதுவரை சொல்லவில்லை. அவரும் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கவின் பிறந்தபோதும் என் கணவர் அங்கேதான் இருந்தார். இன்னும் விடுப்புக் கிடைக்கவில்லை. இவன் இன்னும் தன் அப்பாவின் முழங்காலில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. போனில் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்கிறார். அண்ணன் இறந்த செய்தியைச் சொன்னபோது, "காது குத்து எப்படி?" என்று அவரும் அதையேதான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ராத்திரிகளில் அதையேதான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். வெறும் சடங்குதானே என்று படித்த புத்தி சொல்லும். இந்தப் பிள்ளையை இவன் நம்மவன் என்று தூக்கி வைத்துக்கொள்ள ஒரு ஆண்பிள்ளை மடி இந்தப் பக்கத்தில் இல்லையே என்று தாய் மனசு சொல்லும்.

காய்ச்சல் நின்ற பிறகு கவினைத் தூக்கிக்கொண்டு கூத்தாநல்லூர் போனேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் படிக்கட்டின் கீழே ஷட்டர் பாதி ஏறியபடியே நிற்கிறது. அன்று அவர் தூக்கிய உயரம். யாரும் அதைத் தொடவில்லை.

நூர்ஜஹான் அக்கா இத்தாவில் இருந்தார்கள். கணவர் இறந்தால் நான்கு மாதமும் சில நாட்களும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள். வெள்ளைத் துணியில், உள்ளறையில், மிகவும் சின்னதாகி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் அழுது முடித்ததும், "தை மாசம் வெச்சிருந்தியே, யாரு மடியில வைக்கப் போறே?" என்றார்கள். தன் வீட்டில் விழுந்த இடிக்கு நடுவிலும் அவர்களுக்கு அது நினைவிருந்தது.

"தெரியலக்கா."

"கொண்டா" என்று கவினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அவன் அக்காவின் வெள்ளை முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். இழுத்துக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். "ஒங்க அண்ணன் பிடிச்சு வெச்ச எடம். காலியா விடக்கூடாது. ஆனா நான் இப்ப வெளிய வர முடியாதேம்மா" என்றார்கள்.

தஞ்சாவூர் திரும்பி அத்தையிடம் சொன்னேன். ஒரு பெண் மடியிலா, அதுவும் புருஷனை இழந்தவர் மடியிலா என்று கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். அத்தை காலண்டரை எடுத்து மூக்குக் கண்ணாடியைப் போட்டார். தை, மாசி, பங்குனி என்று விரலை ஓட்டினார்.

"அந்தம்மாவுக்கு இத்தா எப்ப முடியுது?"

சொன்னேன்.

"அப்ப வைகாசியில பாத்துக்கலாம். புள்ளை காது எங்க ஓடிடப் போவுது."

எனக்கு அப்போதுதான் உண்மையாகவே அழுகை வந்தது.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தபோது முதல் வரியிலேயே அண்ணனைப் பற்றி அந்த வார்த்தையைப் போட்டேன். பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. எடுத்துவிட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே. சேகர் இன்னும் வரவில்லை. நீங்கள் போட்டுவிட்டுப் போன துண்டு சீட்டிலேயே இருக்கிறது. வைகாசியில் அக்கா வந்து உட்காருவார்கள்.